காட்டு வழியில் கடியும் கொட்டும்: கிளம்பும் முன்பிருந்து வீடு திரும்பி ஒரு மாதம் வரை

தேனீ கொட்டினால் கூட வந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். உண்ணி கடித்தால் கடிபட்டவருக்கே தெரியாது. நடைபயணம் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். விதவிதமாகக் கடி வாங்கிய பிறகு எனக்குப் புரிந்தது, வலியை வைத்து ஆபத்தை எடைபோடக் கூடாது என்பதுதான்.

ஜஸ்டின் ஷ்மிட் என்ற பூச்சியியலாளர், தன்னைக் கொட்டிய பூச்சிகளுக்கெல்லாம் வலி மதிப்பெண் போட்டு ஒரு பட்டியலே தயாரித்தார். அதில் தேனீக்கு 2. மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளின் புல்லட் எறும்புக்கு 4, அதுதான் உச்சம். ஆனால் அந்த எறும்பிடம் மாட்டி மணிக்கணக்கில் துடித்தவர்கள் பெரும்பாலும் பிழைத்து எழுந்துவிடுகிறார்கள். வெறும் 2 வாங்கிய தேனீயின் ஒரே கொட்டில் ஒவ்வாமை உள்ளவரின் உயிர் போகலாம். கொசுவுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. மனிதர்களை அதிகம் கொல்லும் பிராணி என்னவோ அதுதான்.

அதனால் இந்த வழிகாட்டியைப் பூச்சி வாரியாக எழுதாமல், கால வரிசையில் எழுதுகிறேன்: கிளம்பும் முன், நடக்கும்போது, கொட்டிய நொடியில், அடுத்த அரை மணியில், அன்றிரவு, பிறகு வரும் வாரங்களில்.

1. கிளம்பும் முன்: ஆளைப் பற்றிக் கேளுங்கள்

குழுவாகப் போகிறீர்கள் என்றால் முதல் வேலை ஒரு கேள்விதான்: "இதற்கு முன் தேனீயோ குளவியோ கொட்டியபோது யாருக்காவது உடம்பு முழுக்கத் தடித்ததா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா?" கொட்டிய கை மட்டும் முழங்கை வரை வீங்கியது என்பது வேறு விஷயம். அது தொந்தரவு, பெரும்பாலும் ஆபத்தில்லை. கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏதாவது நடந்ததா என்பதுதான் கேள்வி.

ஆம் என்று ஒருவர் சொன்னால், பயணத்துக்கு முன்பே அவர் ஒவ்வாமை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர் (கடும் ஒவ்வாமையின்போது தொடையில் குத்திக்கொள்ளும் ஆயத்த ஊசி) எழுதிக் கொடுத்தால் இரண்டு வைத்திருக்க வேண்டும், ஒன்று போதாமல் போகலாம். கொடுக்கின் நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் ஊசி சிகிச்சையும் உண்டு. 3 முதல் 5 ஆண்டுகள் பிடிக்கும் என்றாலும், அடுத்த கொட்டு உயிருக்கு உலை வைக்காமல் பெரும்பாலோரைக் காப்பாற்றுகிறது.

அந்த இன்ஜெக்டர் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையின் அடியில், ஸ்லீப்பிங் பேக்குக்குக் கீழே கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள், பனிக்கட்டியோடும் வைக்காதீர்கள். மருந்து கலங்கியோ பழுப்பாகவோ தெரிந்தால் மாற்றுங்கள். காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

போகும் பகுதியில் என்னென்ன நோய் புழங்குகிறது என்று விசாரிப்பது அடுத்தது. மலேரியாவுக்கு முன்கூட்டியே விழுங்க மாத்திரை இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது. சிலவற்றைப் பல வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், கிளம்பும் வாரத்தில் நினைத்தால் நடக்காது.

2. உடை

பூச்சிவிரட்டியைவிட உடையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அது வியர்வையில் கரைந்து போகாது, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசவும் வேண்டாம்.

முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம், நெருக்கமான நெசவு, கொஞ்சம் தொளதொளப்பு. உடலோடு ஒட்டிய மெல்லிய துணி வழியே கொசு சாவகாசமாகக் குத்தும். வெளிர் நிறத்தால் இரண்டு லாபம்: கொசுவும் மாட்டு ஈயும் அடர் நிறங்களைத் தேடி வருபவை, கோபம் கொண்ட தேனீயும் இருண்ட நிறத்தைத்தான் குறிவைக்கும், தவிர, வெளிர் துணியில் ஏறும் உண்ணி கண்ணில் படும்.

கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், சட்டையைக் கால்சட்டைக்குள் விடுங்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் உண்ணி கீழிருந்து மேலே ஏறும் பிராணி. ஏறும் வழியெல்லாம் துணிக்கு வெளியே இருந்தால், தோலைத் தொடும் முன் அதைப் பார்த்துத் தட்டிவிட நேரம் கிடைக்கும்.

உண்ணிப் பகுதிக்குப் போகிறவர்கள் துணியில் 0.5% பெர்மெத்ரின் தெளிக்கலாம். காலணி, காலுறை, கால்சட்டை ஆகியவற்றில் வெளியில் வைத்துத் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அணிய வேண்டும். சில சலவைகள் வரை தாங்கும். இது துணிக்கான மருந்து, தோலில் பூசுவதல்ல. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு. மீன்களுக்கும் ஆகாது, மிச்சத்தை ஓடையில் கொட்டிவிடாதீர்கள்.

3. பூச்சிவிரட்டி: எது வேலை செய்கிறது, எது செய்யாது

டீட், பிகாரிடின், ஐஆர் 3535, எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பிஎம்டி. இந்த நான்கில் ஒன்று புட்டியின் மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மணக்கும் கைப்பட்டை, கீச்சிடும் ஒலிக் கருவி போன்றவற்றுக்குச் செலவிடும் காசு வீண். சிட்ரோனெல்லா கொஞ்ச நேரம் வேலை செய்யும், ஒரு நாள் நடைக்குப் போதாது.

டீட் 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. சதவீதம் கூடக் கூட வீரியம் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள், கூடுவது நேரம்தான். 10% ஏறத்தாழ இரண்டு மணி நேரம், 25–30% ஐந்து மணி நேரம் போலத் தாங்கும். 50%க்கு மேல் போனால் பெரிய பலன் இல்லை. பிளாஸ்டிக்கையும் சில செயற்கை இழைகளையும் டீட் அரிக்கும்: கண்ணாடி ஃப்ரேம், கைக்கடிகாரம், மழைக்கோட்டு எல்லாம் ஜாக்கிரதை. அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 20% பிகாரிடின். வாசனையும் இல்லை, பிசுபிசுப்பும் குறைவு. என் பையில் இப்போது இருப்பது அதுதான்.

பூசும் முறை:

- முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு பூச்சிவிரட்டி.
- வெளியே தெரியும் தோலில் மட்டும். துணிக்கு அடியில் வேண்டாம், வெட்டுக்காயத்தின் மேலும் வேண்டாம்.
- முகத்துக்கு நேரே அடிக்காமல், உள்ளங்கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் விட்டுத் தடவுங்கள்.
- குழந்தைகளுக்குப் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும். அவர்கள் கையில் பூசினால் அது வாய்க்குப் போய்விடும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எதுவும் வேண்டாம், வலை போதும். பிஎம்டி 3 வயதுக்குக் கீழ் கூடாது.
- கணுக்காலையும் காதின் பின்புறத்தையும் மறந்துவிடாதீர்கள். கொசுவுக்கு அந்த இரண்டும் ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று. இவை எதுவுமே தேனீயையும் குளவியையும் விரட்டாது. அவை ரத்தம் தேடி வருவதில்லை, கூட்டைக் காக்க வருகின்றன. மேலெல்லாம் மருந்து பூசிக்கொண்டு தேன்கூட்டை நெருங்கலாம் என்று நினைப்பது குடை பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது மாதிரி.

4. சின்ன மருந்துப் பை

நுனி கூரான இடுக்கி, சோப்பு, கிருமிநாசினித் துடைப்பான், 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, அரிப்புக்குச் செட்டிரிசின் மாத்திரை, பாராசிட்டமால், அகலமான ஒட்டு நாடா, சிறு ஜிப் பை, ஒரு பேனா. புருவம் திருத்தும் தட்டை முனை இடுக்கி உண்ணிக்கு உதவாது. அது உண்ணியின் வயிற்றைத்தான் நசுக்கும். ஒட்டு நாடாவும் பேனாவும் எதற்கு என்று பின்னால் தெரியும்.

5. நடக்கும்போது

உண்ணி பறக்காது, தாவாது, மரத்திலிருந்து குதிக்காது. புல் நுனியிலோ செடியின் ஓரத்திலோ முன்னங்கால்களை நீட்டியபடி, யாராவது உரசிக்கொண்டு போவார்களா என்று காத்திருக்கும். எனவே பாதையின் நடுவில் நடங்கள். சருகுக் குவியலிலும் விழுந்துகிடக்கும் மரத்திலும் நேரடியாக உட்காராமல் ஒரு விரிப்பைப் போடுங்கள். ஓய்வெடுக்கும்போதெல்லாம் காலை ஒருமுறை மேலும் கீழும் பாருங்கள், பத்து நொடி வேலை.

தேனீ, குளவி விஷயத்தில் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். சீரான ரீங்காரம் கேட்டால் நின்று, எங்கிருந்து என்று பாருங்கள்: பாறை இடுக்கு, உயர்ந்த மரக்கிளை, பொந்து, தரையில் ஓட்டை. ஒரே துளையில் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தால் அது கூட்டின் வாசல். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கிச் சுற்றிப் போங்கள். கல்லெறிவது, அருகில் புகை போடுவது, கூச்சலிடுவது, "ஒரே ஒரு போட்டோ" என்று கிட்டே போவது, குளவிக்கூட்டில் கைவைத்த கதைகள் பலவற்றுக்கும் தொடக்கம் இவைதான். நறுமணத் தைலம், மணக்கும் ஷாம்பு இரண்டையும் அன்று ஒருநாள் ஒதுக்கிவையுங்கள்.

இனிப்புப் பானத்தைத் திறந்தால் மூடி வையுங்கள். டின்னுக்குள் குளவி புகுந்தால் வெளியே தெரியாது. தொண்டைக்குள் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்குக்கூட வீக்கம் மூச்சை அடைத்துவிடும்.

6. கூடாரத்தில்

தேங்கிய தண்ணீரிலிருந்து தள்ளி, கொஞ்சம் காற்றோட்டமான மேட்டில் கூடாரம் போடுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கும் பிராணி, லேசான காற்றே அதற்குப் பெரிய தடை. ஜிப்பை எப்போதும் முழுவதும் மூடுங்கள். உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைக்காதீர்கள்.

காலணியை வெளியே விட்டால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கால் நுழைக்க வேண்டும். தேளும் பூரானும் இரவெல்லாம் அப்படி ஒரு இருட்டறையைத்தான் தேடும். தேள் புற ஊதா ஒளியில் பச்சை கலந்த நீலமாக மின்னும். சிறிய புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் படுக்கும் முன் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நிம்மதி. இருந்தால், அன்றைக்குத் தூக்கம் போனாலும் பரவாயில்லை.

விளக்கொளிக்கு வரும் ஒரு சின்ன வண்டு உண்டு: எறும்பு மாதிரி நீளம், உடலில் கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். அது கடிக்காது, கொட்டாது. தோலில் வைத்து நசுக்கினால்தான் ஆபத்து. அதன் உடல் திரவம் ஒன்றிரண்டு நாளில் தோலைத் தீக்காயம் போலக் கொப்பளிக்க வைக்கும். ஊதித் தள்ளுங்கள். கைதவறி நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

7. கொட்டிய நொடியில்

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது தோலிலேயே தங்கிவிடும். அதோடு நஞ்சுப் பையும் அறுந்து வந்து, தானாகவே நஞ்சை உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கும். "விரலால் பிடுங்காதே, அட்டையால் சுரண்டி எடு" என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். 1996-ல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எப்படி எடுக்கிறோம் என்பதில் வித்தியாசம் இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதில்தான் இருந்தது. அட்டை தேடிப் பையைக் குடையும் நேரத்தில் நஞ்சு முழுக்க இறங்கிவிடும். நகத்தாலேயே எடுத்துப் போடுங்கள்.

குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப்போவதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும்.

அடுத்து செய்ய வேண்டியவை:

1. அந்த இடத்தைவிட்டு நகருங்கள். கொட்டிய தேனீ விட்டுச்செல்லும் எச்சரிக்கை வாசனை மற்றவற்றையும் அழைக்கும். அந்த வாசனையின் முக்கியச் சேர்மம்தான் பழுத்த வாழைப்பழத்துக்கும் மணம் தருகிறது.
2. கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையல், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள். அரை மணி கழித்துக் கழற்ற முடியாது.
3. சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வைத்து எடுத்து, மறுபடியும் வையுங்கள். கை காலை உயர்த்தி வையுங்கள்.
4. வலிக்குப் பாராசிட்டமால். அரிப்புக்குச் செட்டிரிசின், மேலே ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது காலமைன்.
5. அரை மணி நேரம் அவரைத் தனியாக விடாதீர்கள். ஐந்தில் இதுதான் முக்கியமானது.

தேனீ நஞ்சு அமிலம், அதற்குச் சோடா உப்பு. குளவி நஞ்சு காரம், அதற்கு வினிகர் என்றொரு கணக்கு உலவுகிறது. நஞ்சு இருப்பது தோலுக்கு அடியில், மேலே தடவுவது அங்கே போகாது. பற்பசை, சேறு, எச்சில் எல்லாம் அதே ரகம்.

வீக்கம் முதல் இரண்டு நாள் கூடிக்கொண்டே போகலாம். சிலருக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் பரவி, வடிய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, சீழ், காய்ச்சல், காயத்திலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளங்கள், மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் கொட்டியிருந்தால் காத்திருக்கவே கூடாது.

8. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை

பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், இழுப்பு, வாந்தி, வயிற்றைப் பிசைதல், தலைசுற்றல், "எனக்கு என்னவோ ஆகப்போகிறது" என்ற திகில். தோலில் ஒன்றுமே தெரியாமல் நேராக மயக்கத்தில் விழுபவர்களும் உண்டு. கொட்டு வாங்கியவருக்கு மூச்சோ ரத்த அழுத்தமோ தடுமாறினால் தடிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்.

- அட்ரினலின், உடனே. தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், துணிக்கு மேலேயே குத்தலாம். கருவியில் எழுதியிருக்கும் நொடிகள் வரை அழுத்திப் பிடியுங்கள். பெரியவர்களுக்கான கருவியில் வழக்கமாக 0.3 மி.கி., சிறு குழந்தைகளுக்கானதில் 0.15 மி.கி. இருக்கும்.
- படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். "ரோடு பக்கத்தில்தான், நடந்துவிடலாம்" என்ற முடிவு இந்த நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும். ரத்த அழுத்தம் சரிந்திருக்கும்போது எழுந்தால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் போகலாம்.
- அவசர உதவியை அழையுங்கள். ஒருவர் அழைக்கட்டும், ஒருவர் கூடவே இருக்கட்டும்.
- 5 முதல் 15 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் இரண்டாவது ஊசி. மூச்சு நின்றுவிட்டால் மார்பழுத்த முதலுதவி.
- சரியாகிவிட்டாலும் மருத்துவமனை. மருந்தின் வேகம் குறைந்த பிறகு, சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம்.

செட்டிரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நான் கண்ட பெரிய தவறு. அந்த மாத்திரை அரிப்பை அடக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது, சரியும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது, வேலை செய்யத் தொடங்கவே அரை மணிக்கு மேல் ஆகும்.

9. கூட்டமாகத் துரத்தினால்

ஓடுங்கள். கையை வீசாதீர்கள், குனிந்து உட்காராதீர்கள். சட்டையை மேலே இழுத்து முகத்தையும் கழுத்தையும் மூடி, பார்க்க மட்டும் கண்ணை விட்டு, நேர்கோட்டில் சில நூறு மீட்டர் ஓடி, வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கூடவே நாலைந்து தேனீ உள்ளே வந்தாலும் பரவாயில்லை, வெளியே ஐந்நூறு இருக்கிறது. கொடுக்கு பிடுங்குவதெல்லாம் அப்புறம். தண்ணீரில் குதிக்காதீர்கள், தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

செங்குத்தான சரிவில் மட்டும் இந்த அறிவுரை மாறும். அங்கே விழுந்தால் ஏற்படும் காயம் கொட்டுகளைவிட மோசம். முகத்தை மூடிக்கொண்டு, பிடிமானத்தை விடாமல், வேகமாக நகருங்கள்.

பெரியவர் ஒருவர் ஏறத்தாழ 50 கொட்டுக்கு மேல் வாங்கியிருந்தால், குழந்தையோ முதியவரோ என்றால் அதைவிடக் குறைவாக இருந்தாலும், ஒவ்வாமை இருக்கிறதோ இல்லையோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சின் மொத்த அளவே தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அது தெரிய ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தாமதிக்கவே கூடாது.

10. உண்ணி: வலிக்காத கடி

ஒருமுறை மூன்று நாள் நடை முடித்து வந்தேன். முழங்காலின் பின்புறம் புதிதாக ஒரு மச்சம் இருப்பதாக நினைத்தேன். மச்சத்துக்குக் கால்கள் இருந்தன.

இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடிக்கும்போதே மரத்துப்போகச் செய்யும் பொருட்களை உமிழ்நீரோடு செலுத்துவதால் உணர்வே இருக்காது. உண்ணி பரப்பும் லைம் நோயின் கிருமி உடலுக்குள் போகப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். சில வைரஸ்கள் அதைவிட வெகு சீக்கிரம் பரவும். அதனால் அன்றன்று மாலையே தேட வேண்டும்: தலைமுடிக்குள், காதின் பின்புறம், அக்குள், தொப்புள், இடுப்புப் பட்டி அழுத்தும் இடம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், கால்விரல் இடுக்கு. முதுகுக்கு இன்னொருவர் கண் வேண்டும்.

எடுக்கும் முறை:

1. கூரான இடுக்கியால், தோலை ஒட்டினாற்போல உண்ணியின் தலையைப் பிடியுங்கள். உப்பிய வயிற்றைப் பிடிக்காதீர்கள்.
2. நேர் மேலாக, சீராக, நிதானமாக இழுங்கள். திருகாதீர்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். தோல் சற்றுக் கூடாரம் போல எழும்பும், பிறகு விட்டுவிடும்.
3. வாய்ப்பகுதி உள்ளே ஒடிந்துபோய், எளிதில் வரவில்லை என்றால் நோண்டாதீர்கள். தோல் தானே வெளியே தள்ளிவிடும்.
4. கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள்.
5. உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம். ஒட்டு நாடாவில் ஒட்டி ஜிப் பையில் போடுங்கள். பேனாவால் தேதியை எழுதுங்கள்.

தீக்குச்சியால் சுடுவது, வாசலின் பூசுவது, நகப்பூச்சு தடவுவது, இவற்றால் உண்ணி தானே விழட்டும் என்று காத்திருக்கும் நேரமெல்லாம் அது உமிழ்ந்துகொண்டிருக்கும் நேரம். பொடி உண்ணிகள் டஜன் கணக்கில் ஏறிவிட்டால் ஒட்டு நாடாவை அழுத்தி இழுங்கள், இன்னும் கடிக்காதவை அதோடு வந்துவிடும்.

லைம் நோய் உள்ள பகுதியில் உண்ணி ஒன்றரை நாளுக்கு மேல் ஒட்டியிருந்தது என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஒரே வேளை டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை போதும் என்று அவர் முடிவெடுக்கலாம்.

உண்ணியைவிடச் சின்னது செள்ளுப்பூச்சி என்று சொல்லப்படும் சிறு சிலந்திப்பேன். கண்ணுக்கே தெரியாது. ஜப்பானிலிருந்து பாகிஸ்தான், வட ஆஸ்திரேலியா வரை பரந்த பகுதியில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது இதன் குஞ்சுகள்தான். கடித்த இடத்தில், பலருக்கு, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு வரும். வலிக்காது. அக்குளிலோ இடுக்கிலோ ஒளிந்திருக்கும், மருத்துவர் தேடினால்தான் கிடைக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளினுக்கு ஓரிரு நாளில் அடங்கிவிடும், விட்டுவிட்டால் உயிரையே வாங்கும்.

11. மற்றவை, சுருக்கமாக

*அட்டை:* பூச்சியல்ல, ஆனால் ஈரக்காட்டில் இது இல்லாமல் பேச்சே இல்லை. மெலிந்த முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி நுழைத்து அந்தப் பக்கத்தை முதலில் நகர்த்தி, பிறகு தடித்த முனையை விடுவியுங்கள். உப்பு, நெருப்பு இரண்டும் அது குடித்ததைக் காயத்திலேயே கக்க வைக்கும். ரத்தம் உறையாமல் மணிக்கணக்கில் கசியும். அழுத்திக் கட்டினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

*கம்பளிப்பூச்சி:* தேய்க்காதீர்கள். ஒட்டு நாடாவை வைத்து வைத்து எடுத்தால் முடிகள் வந்துவிடும், பிறகு கழுவுங்கள். உடையை மாற்றுங்கள்.

*நெருப்பெறும்பு:* மறுநாள் வரும் சீழ்க் கொப்புளத்தை உடைக்காதீர்கள். அது கிருமியல்ல, நஞ்சின் விளைவு.

*தேள்:* வலி மட்டும் என்றால் குளிர் ஒத்தடம் போதும். வியர்த்துக் கொட்டுவது, கை கால் சில்லிடுவது, எச்சில் வடிவது, வாந்தி, கண் தாறுமாறாக ஆடுவது இருந்தால் மருத்துவமனை. குழந்தையைக் கொட்டினால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, மூன்றும் தீங்குதான்.

12. வீடு திரும்பிய பிறகு

இரண்டு மணி நேரத்துக்குள் குளியுங்கள். கண்ணாடி முன் நின்று மறுபடி ஒரு தேடல். உடுத்திய துணியை முதலில் சூடான டிரையரில் 10 நிமிடம் போட்டால் உண்ணி உலர்ந்து செத்துவிடும். வெறும் துவையலில் பிழைத்துக்கொள்ளும். டிரையர் இல்லை என்றால் நல்ல சூடான நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். முதுகுப்பையை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

பிறகு காத்திருப்பு. டெங்கு 4 முதல் 10 நாளில் காட்டிக்கொடுக்கும், ஸ்க்ரப் டைஃபஸ் பெரும்பாலும் 10 நாள் வாக்கில், லைம் நோயின் விரியும் சிவப்பு வளையம் 3 முதல் 30 நாளில், மலேரியா ஒரு வாரத்திலிருந்து சில சமயம் மாதங்கள் கழித்தும். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்ளத் தோன்றும். டெங்குவாக இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரினும் ஐப்யூபுரோஃபனும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

நடை முடிந்த அன்றே கைபேசியில் ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்வது என் வழக்கம்: எங்கே போனேன், எந்தத் தேதிகளில், உண்ணி கடித்ததா, எந்த இடத்தில். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதலில் வாசித்துக் காட்ட அது இருக்கும்.